ஏனென்று சொல்லத் தெரிந்த பொறி

சென்ற ஆண்டு எங்கள் பங்கின் கிளைக் கிராமம் ஒன்றில் நீரிழிவு நோயாளர்க்கான கண் பரிசோதனை முகாம் நடைபெற்றது. பள்ளியின் நான்காம் வகுப்பறைச் சன்னல்களைப் போர்வையால் மூடி இருட்டாக்கியிருந்தார்கள். மருத்துவர் எவரும் வரவில்லை. பயிற்சி பெற்ற இளம்பெண் ஒருத்தி கையடக்கமான கருவி ஒன்றினால் ஒவ்வொருவரின் விழித்திரையையும் படம் பிடிக்க, சில நொடிகளில் அதனோடு இணைந்த கைப்பேசித் திரையில் முடிவு வந்து நின்றது. எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரின் முறை வந்தது.

"பாட்டி, நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எதுக்கும்மா? எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"மெஷின் அப்படித்தான் சொல்லுது பாட்டி."

"ஏன் அப்படிச் சொல்லுதுன்னு அதுகிட்டயே கேளேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாட்டி சிரிக்கவில்லை.

அன்றிரவு அறைக்குத் திரும்பிய பின்னும் அக்கேள்வி என்னை விடவில்லை. மருத்துவத் துறையில் செயற்கை நுண்ணறிவு கால்வைத்த வரலாற்றை, மறையுரைத் தயாரிப்புக்கும் கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் வேலைக்கும் இடையே கிடைத்த ஓய்வில் தேடிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க ஒரு விந்தை புலப்பட்டது. பாட்டி கேட்ட கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பொறி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே உருவாகியிருந்தது. அதனை ஒரு நோயாளியின் கட்டிலருகேயும் எவரும் கொண்டுசெல்லவில்லை.

கதையைச் சற்று முன்னிருந்தே தொடங்க வேண்டும். 1959ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழில் ராபர்ட் லெட்லி, லீ லஸ்டட் என்னும் இருவர் மருத்துவர் நோயை அறியும்போது எவ்வாறு சிந்திக்கிறார் என்பதை அளவையியல் நோக்கில் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினர். லெட்லி பல் மருத்துவமும் இயற்பியலும் பயின்றவர்; லஸ்டட் கதிரியக்க மருத்துவர். மருத்துவரின் 'கைராசி' என்றும் 'அனுபவம்' என்றும் நாம் சொல்லி நிறுத்திக்கொள்வதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது, அதை வெளியே எடுத்து எழுத முடியும் என்பதே அவர்களது துணிபு. இன்ன நோய் உள்ளவர்களுள் இத்தனை பேருக்குக் காய்ச்சல் வரும் என்பது தெரிந்தால், காய்ச்சலோடு வந்து நிற்பவருக்கு அந்நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பின்னோக்கிக் கணிக்கலாம். இந்தப் பின்னோக்குக் கணக்கை முதன்முதல் எண்ணியவர் மருத்துவரோ கணித ஆசிரியரோ அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் திருச்சபை ஊழியராக இருந்த தாமஸ் பேய்ஸ். அவர் 1761இல் இறந்தபின் அவருடைய தாள்களைத் தேடியெடுத்து 1763இல் வெளியிட்ட ரிச்சர்ட் பிரைஸ் என்பவரும் ஒரு சபை ஊழியரே. சிற்றூர்க் குருக்களின் மேசை இழுப்பறைகளை இலேசாக எண்ணிவிடக்கூடாது என்பதற்கு இதை நான் என் நண்பர்களிடம் சொல்வதுண்டு. (என் மேசை இழுப்பறையில் திருமண ஓலை படிவங்கள் தவிர வேறொன்றும் இல்லை.)

பேய்சின் கணக்கை நோயாளர் நடுவே கொண்டுசென்று சோதித்தவர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து அறுவை மருத்துவர் டி டொம்பால். திடீர் வயிற்றுவலியோடு வருபவரிடம் காணும் குறிகளைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, குடல்வால் அழற்சியா, பித்தப்பை நோயா, வேறெதுவுமா என்று கேட்டார். 304 நோயாளரிடம் நடத்திய சோதனையின் முடிவு 1972இல் வெளியாயிற்று. கணிப்பொறி 91.8 விழுக்காடு சரியாகச் சொன்னது. அந்நோயாளரைக் கண்ட மூத்த மருத்துவர்கள் 79.6 விழுக்காடு. பின்னர் எட்டு மருத்துவமனைகளில் 16,737 நோயாளரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 1986இல் வெளிவந்தது. அதன்படி, முதற்பார்வையிலேயே நோயைச் சரியாக அறிவது 45.6 விழுக்காட்டிலிருந்து 65.3 விழுக்காடாக உயர்ந்தது. வீணாக வயிற்றைத் திறக்கும் அறுவைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இங்கே என்னை நிறுத்தியது வேறொன்று. கணிப்பொறிக்காக ஒரு படிவம் வகுத்திருந்தார்கள். வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என ஒன்றையும் விடாமல் கேட்டு நிரப்ப வேண்டும். அவ்வாறு முறையாகக் கேட்டு எழுதத் தொடங்கிய இளம் மருத்துவர்கள், பொறியின் உதவி இல்லாமலேயே முன்னிலும் சிறப்பாக நோயை அறிந்தனர். அதாவது, வந்த பலனில் ஒரு பங்கு பொறியினுடையது அன்று; நோயாளியின் வாய்ச்சொல்லைப் பொறுமையோடு கேட்டதனுடையது.

லீட்ஸ் நகரத்துக் கணக்கை டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகருக்குக் கொண்டுசென்றபோது அதே அளவு பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மக்கள் வேறு, நோய்களின் பரவல் வேறு, மருத்துவர்கள் குறிகளைப் பெயரிடும் வழக்கமும் வேறு. இந்தப் பாடத்தை உலகம் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பலமுறை மறந்து பலமுறை கற்றது.

இனி, நான் சொல்ல வந்த பொறி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்னும் மருத்துவ மாணவர், புரூஸ் புக்கானன், ஸ்டான்லி கோஹன் ஆகியோரின் வழிகாட்டுதலில் ஒரு நிரலை உருவாக்கினார். அதன் பெயர் மைசின். ஸ்டிரெப்டோமைசின், எரித்ரோமைசின் என்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் பெயர்களில் ஈறாக வருமே, அந்த மைசின்தான். இரத்தத்தில் நுண்ணுயிர்த் தொற்றுக் கண்டவருக்கு, ஆய்வகம் கிருமியை உறுதி செய்து சொல்லும்வரை காத்திருந்தால் உயிர் போய்விடும். அரைகுறைச் சான்றுகளை வைத்தே எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுக்குத் துணை நிற்பதே மைசினின் வேலை.

மைசின் பேய்சின் வழியில் செல்லவில்லை. தொற்றுநோய் வல்லுநர்களிடம் உட்கார்ந்து, 'இப்படி இருந்தால் இப்படி' என்னும் வடிவில் அவர்கள் அறிவை ஏறத்தாழ ஐந்நூறு விதிகளாக எழுதிக்கொண்டது. எடுத்துக்காட்டாக ஒன்று: கிருமி இரத்தத்திலேயே முதலில் தோன்றிய தொற்றாக இருந்து, மாதிரி எடுத்த இடம் இயல்பில் கிருமியற்ற இடமாக இருந்து, கிருமி உணவுக்குழல் வழியே நுழைந்திருக்கலாம் என்ற ஐயமும் இருந்தால், அது பாக்டீராய்டஸ் என்னும் இனமாக இருக்கலாம், இதற்கு உறுதி 0.7. ஒவ்வொரு விதியோடும் இப்படியோர் உறுதி எண் இணைந்திருந்தது. மூன்று நிபந்தனைகள் சேர்ந்தே நிறைவேற வேண்டுமெனில், அம்மூன்றனுள் எது மிகக் குறைந்த உறுதி உடையதோ அதையே மைசின் கணக்கில் கொள்ளும். இதைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் குருமடத்தில் மெய்யியல் பயின்ற காலத்தில், முடிவானது எப்போதும் வலுக்குறைந்த எடுகூற்றையே பின்தொடரும் என்று அளவையியல் பேராசிரியர் இலத்தீனில் ஓதவைத்தார். இடைக்காலத் துறவியர் வகுத்த அந்த நெறி, கலிஃபோர்னியாவில் நுண்ணுயிர்களைத் துரத்திக்கொண்டிருக்கும் என்று அன்று யார் நினைத்தார்!

மைசினின் உண்மையான புதுமை வேறு. அது மருத்துவரிடம் கேள்விகள் கேட்கும். மருத்துவர் தட்டச்சு செய்து விடையளிப்பார். இடையில் எந்த இடத்திலும் மருத்துவர் 'ஏன்' என்று தட்டலாம். உடனே மைசின் தன் கேள்வியின் காரணத்தைச் சொல்லும்: இன்ன விதியைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன், அதன் முதல் இரண்டு நிபந்தனைகள் நிறைவேறிவிட்டன, மூன்றாவதை அறியவே இதைக் கேட்கிறேன் என்று. முடிவு சொன்னபின் 'எப்படி' என்று கேட்டால், எந்தெந்த விதிகளின் வழியே அங்கு வந்து சேர்ந்தது என்பதை வரிசையாக எடுத்துவைக்கும். காரணம் கூற இயலாத ஆலோசகரின் சொல்லை எந்த மருத்துவரும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது என்பது ஷார்ட்லிஃப்பின் உறுதியான எண்ணம்.

இதன் திறன் எத்தகையது? 1979இல் வெளியான மதிப்பீடு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மூளைக்காய்ச்சல் கண்ட பத்து நோயாளரின் விவரங்கள் மைசினுக்கும், பேராசிரியர்கள் முதல் மாணவர் வரையான மருத்துவர்க்கும் அளிக்கப்பட்டன. எந்தப் பரிந்துரை யாருடையது என்று தெரியாமல் எட்டு வல்லுநர்கள் அவற்றை மதிப்பிட்டார்கள். மைசினின் பரிந்துரைகளுள் 65 விழுக்காடு ஏற்கத்தக்கவை எனப்பட்டன. ஐந்து பேராசிரியர்கள் பெற்றது 42.5 முதல் 62.5 விழுக்காடு வரை.

இவ்வளவு இருந்தும் மைசின் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. காரணங்கள் எளியவை. ஒரு நோயாளிக்காக அரைமணி நேரமும் அதற்கு மேலும் உட்கார்ந்து தட்டச்சு செய்ய எந்த மருத்துவருக்கு நேரம் இருந்தது? கணிப்பொறி பல்கலைக்கழகத்தில்; நோயாளி வார்டில். பொறியின் சொல்லைக் கேட்டு நோயாளி இறந்தால் நீதிமன்றத்தில் யார் நிற்பது என்பதற்கும் விடை இல்லை. இதே காலத்தில் பிட்ஸ்பர்க்கில் ஜாக் மையர்ஸ் என்னும் முதுபெரும் மருத்துவரின் மூளையையே பிரதி எடுப்பதுபோல் உருவான இன்டர்னிஸ்ட் என்னும் நிரலுக்கும் இதுவே கதி. உள்மருத்துவத்தின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோய்களை அது அறிந்திருந்தது. அதன் உருவாக்கத்தில் பங்குபெற்ற ராண்டால்ஃப் மில்லரே 1990இல், இத்தகைய பொறிகளைக் 'கிரேக்கக் குறிசொல்லி' என்று வருணித்து, அந்த முறையின் முடிவை அறிவித்தார். மருத்துவர் விவரங்களை ஒப்படைத்துவிட்டுக் கைகட்டி நிற்க, பொறி அருள்வாக்குச் சொல்லும் ஏற்பாடு நிலைக்காது. மருத்துவரின் சிந்தனையோடு அது உடன் நடக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அடுத்த தலைமுறைப் பொறிகள் வல்லுநரிடம் விதி கேட்டு எழுதவில்லை. பழைய நோயாளரின் பதிவேடுகளை ஆயிரக்கணக்கில் கொடுத்து, 'நீயே கற்றுக்கொள்' என்று விட்டுவிட்டார்கள். நரம்பு வலைப்பின்னல் என்று இதற்குப் பெயர். இதன் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைக் குருக்கள் மட்டுமன்றி, மருத்துவமனையில் உறவினரை வைத்திருக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டும்.

1990களின் நடுவில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளருள் எவரை மருத்துவமனையில் சேர்ப்பது, எவரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்ய உதவும் பொறிகளை ஆய்வாளர் சிலர் ஒப்பிட்டனர். இறக்கும் அபாயம் யாருக்கு மிகுதி என்பதைப் பொறி சொல்ல வேண்டும். கையில் 14,199 நோயாளரின் பதிவுகள். ரிச் கரூவானா என்னும் இளம் ஆய்வாளர் பயிற்றுவித்த நரம்பு வலைப்பின்னலே மிகத் துல்லியமாக முன்னுரைத்தது. ஆனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எவராலும் படிக்க முடியாது. அதே பதிவுகளிலிருந்து வேறொருவர் படிக்கத்தக்க விதிகளாகக் கற்கும் மற்றொரு பொறியை உருவாக்கிக்கொண்டிருந்தார். அது தந்த விதிகளுள் ஒன்று அனைவரையும் திகைக்க வைத்தது: நிமோனியா கண்டவருக்கு ஆஸ்துமாவும் இருந்தால், அவர் இறக்கும் அபாயம் குறைவு.

எந்த மருத்துவரும் இதை ஏற்கமாட்டார். ஆயினும் பொறி பொய் சொல்லவில்லை. பதிவேடு உண்மையில் அப்படித்தான் சொன்னது. ஆஸ்துமா உள்ளவருக்கு நிமோனியா என்றதுமே மருத்துவர்கள் அஞ்சி, பெரும்பாலும் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிடுவார்கள். அந்தக் கூடுதல் கவனிப்பினால் அவர்கள் பிழைத்தார்கள். பொறி கண்டது பிழைத்ததை மட்டும். கவனிப்பை அது காணவில்லை. அந்த விதியை நம்பி, 'ஆஸ்துமாக்காரர்தானே, வீட்டுக்குப் போகட்டும்' என்று அனுப்பியிருந்தால் முதலில் மாண்டிருப்பவர் அவரே.

விதியாக எழுதியிருந்ததால் கண்ணில் பட்டது. நரம்பு வலைப்பின்னலும் அதே தவற்றைக் கற்றிருக்கும். அதோடு வேறு எத்தனை தவறுகளை விழுங்கி வைத்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? ஆகையால், மிகத் துல்லியமானதாய் இருந்தும், தன் படைப்பை நோயாளரிடம் பயன்படுத்த வேண்டாம் என்று கரூவானா கூறினார். இருபது ஆண்டுகள் கழித்து, 2015இல், ஏறத்தாழ அதே துல்லியத்தோடு, உள்ளே எட்டிப்பார்த்துத் திருத்தவும் இயலும் வேறொரு முறையை அவரும் நண்பர்களும் அந்த ஆஸ்துமாக் கதையோடு வெளியிட்டனர். தன் வெற்றியைத் தானே தடுத்து நிறுத்திய அந்த மனிதருக்கு இந்த வரலாற்றில் உரிய இடம் தரப்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வந்தது வெள்ளம். 2012க்குப் பின் வலைப்பின்னல்கள் பல அடுக்குகளாய்ப் பெருகி, படங்களைப் பார்த்துப் பிரித்தறியும் ஆற்றலில் வியக்கத்தக்க நிலையை எட்டின. இங்கேதான் தமிழ் மண்ணும் கதைக்குள் வருகிறது. 2016ஆம் ஆண்டு இறுதியில் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள், நீரிழிவினால் வரும் விழித்திரை நோயை ஒளிப்படத்திலிருந்து கண்டறியும் பொறியை வெளியிட்டார்கள். அதற்குப் பாடநூலாக அமைந்தவை 1,28,175 விழித்திரைப் படங்கள். 54 கண் மருத்துவர்கள் அவற்றைத் தரம்பிரித்தார்கள். அப்படங்கள் அமெரிக்காவிலிருந்து மட்டுமல்ல, 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்தும், சென்னை சங்கர நேத்ராலயாவிலிருந்தும், பெங்களூரு நாராயண நேத்ராலயாவிலிருந்தும் சென்றவை. அந்தப் பொறிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த கண்களுள் நம் ஊர்க் கண்களும் உண்டு. 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளரிடம் அதனைச் சோதித்து, பயிற்சி பெற்றவர்கள் படம் பார்த்துச் சொல்வதற்கு அது இளைத்ததன்று எனக் காட்டியது.

பார்வை போகும்வரை வலியே காட்டாத நோய் இது. பார்வை மங்கிய பிறகு வருபவருக்குச் செய்யக்கூடியது குறைவு. கண் மருத்துவர் எட்டாத கிராமங்களில் இப்படியொரு பொறி எத்தனை பேரை இருளிலிருந்து காக்கும் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் பங்கிலேயே நீரிழிவால் கண்ணிழந்த இருவருக்கு நற்கருணை கொண்டுசெல்கிறேன்.

எனினும் இப்பொறி மைசினின் உடன்பிறப்பு அன்று. 'ஏன்' என்றால் வாய் திறக்காது. படத்தின் எந்தப் பகுதியைக் கூர்ந்து நோக்கியது என்று வண்ணமிட்டுக் காட்ட முயல்கிறார்கள். அது சுட்டிய விரல், சொன்ன காரணம் அன்று. இந்த வாயடைப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கு 2018இல் ஒரு சான்று கிடைத்தது. 2 லட்சத்து 84 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விழித்திரைப் படங்களைக் கற்ற பொறி ஒன்று, படத்தை மட்டும் பார்த்து அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று பெரும்பாலும் சரியாகச் சொன்னது. எந்தக் கண் மருத்துவராலும் இயலாத செயல். எதைக் கண்டு சொல்கிறது என்பது அதை உருவாக்கியவர்களுக்கே விளங்கவில்லை.

தெரியாமல் நன்மை செய்தால் பாதகமில்லை எனலாம். தெரியாமல் தீமையும் செய்யலாமே. 2019இல் ஜியாத் ஓபர்மையரும் உடனாய்வாளரும் அமெரிக்க மருத்துவமனைகளில் பயன்பட்டுவந்த ஒரு பொறியை ஆராய்ந்தனர். நாள்பட்ட நோயாளருள் எவருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று அது வரிசைப்படுத்தும். நோயின் கடுமையை நேரே அளக்க வழியில்லாமல், மருத்துவத்துக்காக ஆகும் செலவை அளவுகோலாக்கிக்கொண்டிருந்தது. வசதியும் வாய்ப்பும் குறைந்த கறுப்பின மக்களுக்கு, அதே நோய் இருந்தும், செலவிடப்பட்டது குறைவு. ஆகவே அவர்கள் நலமாக இருப்பதாகப் பொறி கருதிற்று! பிழையைத் திருத்தினால், கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் கறுப்பினத்தார் 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயர்வர் என்று அவர்கள் கணித்தார்கள். ஏழை மருத்துவமனைக்கு வராததை நோயின்மை என்று படித்த இந்தப் பிழை இன்னொரு நாட்டில் நடந்ததெனினும், நம் ஊர்ப் பதிவேடுகளைப் பார்த்தவர்க்கு அந்நியமாய்த் தோன்றாது.

கூகுளின் கண் பொறி தாய்லாந்துக்குச் சென்ற கதை 2020இல் வெளிவந்தது. பாத்தும் தானி, சியாங் மாய் பகுதிகளின் சிற்றூர் மருத்துவ நிலையங்களில் முதல் ஆறு மாதங்களில் 1,838 படங்கள் எடுத்தார்கள். அவற்றுள் 21 விழுக்காட்டைப் பொறி தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. அறை போதிய இருட்டாய் இல்லை. இணையமோ வந்துவந்து போனது. தள்ளப்பட்டவர்கள் நெடுந்தொலைவு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர் ஆயினர். அரைநாள் கூலியை இழந்து வந்தவரிடம் அதைச் சொல்லும் வேலை செவிலியருக்கு. எங்கள் பள்ளிச் சன்னல்களில் போர்வை தொங்கியதன் பொருள் இதைப் படித்தபின்தான் எனக்கு விளங்கியது.

காரணம் கூறாத பொறிக்காகக் கணக்குக் கொடுப்பது யார்? 2018 ஏப்ரலில் அமெரிக்க அரசு, மருத்துவர் பார்க்காமலேயே முடிவு சொல்லும் முதல் கண் பொறிக்கு ஒப்புதல் அளித்தது. அதனை உருவாக்கிய மைக்கேல் அப்ராமாஃப் தாமே விழித்திரை மருத்துவர். பொறி தவறினால் பழியைச் செவிலியர்மீதோ சிற்றூர் மருத்துவர்மீதோ சுமத்தாமல், தம் நிறுவனமே சட்டப்படி ஏற்கும் என்றார். மைசின் காலத்தில் விடையின்றி நின்ற கேள்விக்கு ஒருவராவது கைதூக்கி முன்வந்தார் என்பதில் எனக்கு ஆறுதல் உண்டு. 2025 சனவரியில் உரோமை வெளியிட்ட 'ஆண்டிகுவா எத் நோவா' என்னும் ஏடும் மருத்துவத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறது. சிகிச்சை பற்றிய முடிவும் அதன் பொறுப்புச் சுமையும் மனிதரிடமே இருத்தல் வேண்டும் என்கிறது. சுமை என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. ஒப்புரவுத் தொட்டியில் அமர்ந்து பழகியவனுக்கு அச்சொல்லின் எடை தெரியும்.

பாட்டியைப் பேருந்தில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினோம். பங்குப்பேரவைச் செயலர் உடன் சென்றார். அங்கே ஒரு மருத்துவர் அவருடைய விழித்திரைப் படத்தைப் பெரிதாக்கித் திரையில் காட்டி, சிறு சிவப்புப் புள்ளிகளைப் பேனாவால் தொட்டுத் தொட்டு, 'இங்கே இரத்தம் கசிகிறது, இதனால்தான் வரச் சொன்னார்கள்' என்று விளக்கினாராம். இடக்கண்ணுக்கு லேசர் சிகிச்சை ஆயிற்று. அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வாசலில் நின்றவரிடம், நான் படித்ததையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கண்ணைப் படம் பிடித்தே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும் பொறிகூட இருக்கிறது என்றேன்.

"அதுக்கு எதுக்கு சாமி மெஷினு?" என்றார் பாட்டி. இம்முறை அவரும் சிரித்தார்.